பட்டாவுக்கு வந்த நிவாரணம்

2019 பிப்ரவரி கடைசியில் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே, ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சாலைக்கு மேற்கே கரிசல் காடு. கிழக்கே உப்பளம். அதையும் தாண்டினால் கடல். படிவத்தோடு வந்தவர், அம்மா இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கூலிக்குப் போகும் புஞ்சையின் சொந்தக்காரர். தூத்துக்குடி டவுனில் கடை வைத்திருக்கிறார். விதைப்புக்கும் அறுப்புக்கும் மட்டும் ஊருக்கு வருவார். எங்கள் தெருவுக்குள் அவர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்றபடியே கூப்பிட்டார். அப்பாவை ஒருமையில் தவிர ஒருநாளும் அழைக்காதவர் என்னைத் தம்பி என்றார். "தம்பி, நீங்க பெரிய படிப்பு படிக்கிறீங்க. இதக் கொஞ்சம் தப்பில்லாம எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். புல எண், உட்பிரிவு, பரப்பு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். சிட்டா நகலைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்தக் காட்டில் எந்த மூலையில் மழைத்தண்ணீர் கட்டும், எந்தப் பக்கம் கோரை மண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அது பிஎம் கிசான் திட்டத்தின் படிவம். வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை, நேரடியாக வங்கிக் கணக்கில். 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியபோது இரண்டு ஹெக்டேர் வரை நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு என்றார்கள். சில மாதங்களிலேயே அந்த வரம்பும் நீக்கப்பட்டது. அரசியல் சாசனப் பதவிகளில் இருப்பவர்கள், வருமான வரி கட்டுபவர்கள் என்று சில விலக்குகள் போக, நிலம் வைத்திருக்கும் எவருக்கும் உண்டு. நிலம் இல்லாத எவருக்கும் இல்லை. குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கும் இல்லை.

இந்தத் திட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் பணம். அதற்குப் பிறகு கை மாறிய நிலத்துக்கு ஐந்து வருடம் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்குப் போன நிலத்துக்கு மட்டும் விலக்கு. பாட்டன் சொத்தாக வந்தால் அன்றைக்கே நீ விவசாயி. கூலியில் மிச்சம் பிடித்து அரை ஏக்கர் வாங்கினால் ஐந்து வருடம் காத்திருந்து விவசாயியாக வேண்டும். சாதி என்ற சொல் அந்த விதியில் எங்கும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை.

2020 மார்ச் 26. ஊரடங்கின் இரண்டாம் நாள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். அதில் விவசாயிகளுக்கென்று சொல்லப்பட்டது, பிஎம் கிசானின் 2,000 ரூபாய்த் தவணையை ஏப்ரல் முதல் வாரத்திலேயே 8.7 கோடிப் பேருக்குத் தருவது. எப்படியும் அந்த வருடம் தரவேண்டிய பணம் முன்கூட்டியே தரப்பட்டு, பெருந்தொற்று நிவாரணம் என்று பெயர் பெற்றது. அது கிடக்கட்டும். யாருக்குப் போனது என்பதுதான் என் கேள்வி.

ஏப்ரலில் பணம் ஏறியது. நான் நிரப்பிய படிவத்துக்கும் ஏறியது. அம்மாவுக்கு மாநில அரசு ரேசன் கார்டுக்குத் தந்த 1,000 ரூபாய் வந்தது. அதுவும் எல்லா அரிசி கார்டுக்கும் வந்ததுதான். உப்பளத்தில் வேலை குலைந்து கிடந்தது, நூறு நாள் வேலையும் நின்றிருந்தது. நான் விடுதியை மூடியதால் வீட்டில் இருந்தேன்.

"அம்மா, மொதலாளிக்கு ரெண்டாயிரம் ஏறியிருக்காம்" என்றேன்.

"அவுக பேர்ல நெலம் இருக்கு, அவுகளுக்கு வருது. நமக்கு எதுக்குய்யா வரும்?"

நில உறவுகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் நான். அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரி இல்லை. இப்போது சொல்ல முயல்கிறேன்.

எங்கள் பக்கத்து உழைப்பின் வருடத்தைத் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் மழை இறங்கினால் கரிசலில் உளுந்து, பாசி, சோளம், பருத்தி, மிளகாய் விதைப்பு. களையெடுப்பு, மருந்தடிப்பு, அறுப்பு என்று தை, மாசி வரை ஓடும். வெயில் ஏறத் தொடங்கியதும் அதே பெண்கள் சாலையைக் கடந்து உப்பளத்துக்குப் போவார்கள். பாத்தி மிதிப்பதும், உப்பு வாருவதும், சுமப்பதுமாக அடுத்த மழை வரை அங்கே. மழைக்காலத்தில் உப்பு இல்லை, கோடையில் வெள்ளாமை இல்லை. ஆக, காட்டிலும் உப்பளத்திலும் வேலை பார்ப்பது ஒரே ஆள்தான். ஆனால் அரசின் கணக்கில் அவள் இரண்டு இடத்திலும் விவசாயி இல்லை. காட்டில் அவள் கூலி. உப்பளம் விவசாயமே இல்லை; தேசியத் தொழில் வகைப்பாட்டில் உப்பெடுப்பது சுரங்கத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ் வேறு மாதிரிச் சொல்கிறது. எங்கள் ஊரில் உப்பைத் தயாரிப்பதாக யாரும் சொல்வதில்லை. உப்பு விளைகிறது. பாத்தி கட்டுகிறோம், நீர் பாய்ச்சுகிறோம், விளைச்சல் பார்க்கிறோம். தூத்துக்குடி எழுத்தாளர் ஸ்ரீதர கணேசன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நாவலின் பெயரே 'உப்பு வயல்'. உழைக்கிறவர்களின் மொழிக்கு வயல் எது என்று தெரிந்திருக்கிறது.

இப்போது சாலையின் இரண்டு பக்கத்தையும், அப்பால் உள்ள கடலையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

கடலில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். பெருந்தொற்று வருடத்தில் மட்டும் அதை மே 31 வரை என்று சுருக்கினார்கள். தடைக்காலத்துக்கு மாநில அரசு மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தந்துவந்தது. பிறகு அது 8,000 ஆக உயர்ந்தது. அந்தப் பணத்தைப் பெற ஒருவர் விசைப்படகின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. அடுத்தவர் படகில் ஏறிப் போகிற கூலி மீனவரும் மீனவர்தான். விடுபட்டவர்கள் உண்டு, குறிப்பாகக் கரையில் உழைக்கும் பெண்கள். அந்தச் சண்டை தனியாக நடக்க வேண்டும். ஆனால் அடிப்படை இதுதான்: கடலுக்குப் போகிறாயா, வேலை நின்றதா, நிவாரணம் உண்டு.

இந்தக் கரையின் பழைய முத்துக்குளிப்பைக்கூட நினைத்துப் பார்க்கலாம். முத்துப் பார்களுக்கு உரிமை கொண்டாடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர். யாருடைய ஆட்சியிலும் மூழ்கியவனின் உயிருக்கு மதிப்பு இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் எடுத்து வந்த சிப்பியில் ஒரு பங்கு மூழ்கியவனுக்கு என்று எழுதப்பட்ட விதி இருந்தது. 1961-இல் நடந்த குளிப்போடு அந்தத் தொழில் முடிந்துபோனது. எங்கள் காட்டில் அப்படி ஒரு பங்கு விதி எந்தக் காலத்திலும் கூலிப் பெண்ணுக்கு இருந்ததில்லை.

உப்பளத்தில், மழைக்காலத்தில் வேலை இல்லாமல் போகும் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தை 2022-இல் மாநில அரசு தொடங்கியது. தொழிலாளர்கள் நீண்ட காலமாகக் கேட்டுப் பெற்றது அது. அங்கேயும் அளவுகோல் உப்பளம் யார் பெயரில் இருக்கிறது என்பது இல்லை; யார் அதில் உழைக்கிறார் என்பது.

கரிசலில் மட்டும்தான் அளவுகோல் பட்டா.

ஒரே அரசு, ஒரே மாவட்டம். கடலிலும் உப்பிலும் உழைப்பை எண்ணத் தெரிந்த அரசுக்கு மண்ணில் மட்டும் ஏன் தெரியாமல் போகிறது? நிர்வாகச் சிக்கல் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். மண்ணில் உழைக்கிறவரை விவசாயி என்று ஏற்றுக்கொண்டால், இந்த நிலம் ஏன் உன் பெயரில் இல்லை என்ற கேள்வி அடுத்த நொடியே எழும். அந்தக் கேள்வி சாதியில் போய்த்தான் நிற்கும்.

எண்களைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கும் பட்டியல் சாதியினரின் கையில் உள்ள சாகுபடிப் பரப்பு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 9 சதவீதத்துக்கும் குறைவு. பரப்பை வைத்தும் பட்டாவை வைத்தும் பிரிக்கப்படும் எந்தப் பணமும் இந்தக் கணக்கின் வழியாகத்தான் ஓடும். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதி, 1892-இல் அரசாணை போட்டு ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பறிக்கப்பட்ட நிலத்தின் பட்டாவுக்கும் 2,000 ரூபாய் போயிருக்கும். பறிகொடுத்தவரின் பேரப்பிள்ளைகளுக்குப் போயிருக்காது.

2,000 ரூபாய் சின்னத் தொகை என்று சொல்பவர்களுக்காகப் பெரிய தொகை ஒன்றையும் சொல்கிறேன். 2021 பிப்ரவரி 5 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கூட்டுறவு வங்கிகளின் பயிர்க்கடன் தள்ளுபடியைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். கொரோனா, நிவர், புரெவி புயல்கள், ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழை ஆகியவை காரணங்கள். 16.43 லட்சம் விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய். சராசரியாக ஒருவருக்கு 73,000 ரூபாய்க்கு மேல். சில மாதங்கள் கழித்து ஆட்சி மாறி, கொரோனா நிவாரணமாக அரிசி கார்டு ஒன்றுக்கு இரண்டு தவணையில் 4,000 ரூபாய் தந்தார்கள். கார்டுகள் சுமார் 2.07 கோடி. பெருக்கினால் ஏறத்தாழ 8,300 கோடி. மாநிலத்தின் அரிசி கார்டுக் குடும்பங்கள் அத்தனைக்கும் சேர்த்துத் தந்ததைவிட, பட்டாவும் அடங்கலும் காட்டிக் கடன் வாங்க முடிந்த 16 லட்சம் பேருக்குத் தள்ளுபடியானது அதிகம்.

தள்ளுபடி கூடாது என்பது என் வாதம் இல்லை. இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர் எங்கள் பக்கத்தில் மழையிடம் சூதாடுகிறவர். தலித் சிறு விவசாயிகளும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கடன் ரத்தாக வேண்டும். ஆனால் ஜனவரி மழையில் உளுந்து முளைவிட்டுப் போனபோது அறுப்புக் கூலியும் அதோடு போனது. காட்டுக்காரருக்குக் கடன் வங்கியில் இருந்தது. அம்மாவுக்குக் கடன் கந்துக்காரரிடம் இருந்தது. எந்த அரசாணையும் கந்துவைத் தள்ளுபடி செய்வதில்லை.

நிலம் இல்லாதவர் விவசாயிகளின் பட்டியலில் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே வருடம் பார்த்தோம். 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் தமிழ்நாட்டில் பிஎம் கிசான் மோசடி வெளியே வந்தது. தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. அதிகாரிகளும் தரகர்களும் சேர்ந்து செய்த திருட்டு அது, தண்டிக்கப்பட வேண்டியது. ஆனால் கொரோனா நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் தரகர்கள் பல கிராமங்களில் ஏழைகளிடம் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப் போனார்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. பணத்தைத் திரும்பக் கட்டச் சொன்னது அந்த ஏழைகளிடமும்தான். ஊடகங்கள் அவர்களுக்கு வைத்த பெயர், போலி விவசாயிகள். ஆயுள் முழுக்கச் சேற்றிலும் புழுதியிலும் நின்ற எத்தனை கூலிக்காரர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்களோ! வரப்பில் கால் வைக்காமல் வாங்கியவர் அசல் விவசாயி. களையெடுத்தவர் போலி.

இதற்கு வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

கூலிகளுக்குத்தான் நூறு நாள் வேலை இருக்கிறதே என்பது முதல் பதில். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அதன் தினக்கூலியை 229-இலிருந்து 256 ரூபாயாக உயர்த்தினார்கள். உண்மை. ஆனால் அது வேலை பார்த்து வாங்கும் கூலி. காட்டுக்காரருக்கு வந்த 2,000 ரூபாய்க்கு அவர் எந்த வேலையும் பார்க்கவில்லை. நிவாரணத்தையும் கூலியையும் ஒரே தட்டில் வைப்பது, நிலம் உள்ளவருக்கு உரிமை, இல்லாதவருக்கு உழைப்பு என்ற பழைய மனுக்கணக்குதான்.

யார் கூலி என்று கண்டுபிடிக்கப் பட்டியல் இல்லை என்பது இரண்டாவது. இருக்கிறது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினர்கள். கல்வி உதவிக்கும் விபத்து உதவிக்கும் அவர்களை உழவர் என்று பதிவு செய்கிற அரசுக்கு, பெருந்தொற்றில் பணம் போட அந்தப் பதிவு நினைவுக்கு வரவில்லை.

எங்கும் இல்லாததைக் கேட்கிறீர்கள் என்பது மூன்றாவது. ஒடிசாவின் காலியா திட்டத்தில் தொடக்கத்திலேயே நிலமற்ற விவசாயக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி இருந்தது. ஆந்திராவின் ரைத்து பரோசா 2019-இல், நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களையும் சேர்த்துக்கொண்டது. சத்தீஸ்கர் 2021-இல் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்தது. சமூகநீதி மண் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்கு இது அவமானமாக இருக்க வேண்டும்.

நிலத்தின் வழியாக நிவாரணம் போனால் அது பழைய அநீதியின் தடத்திலேயே போகும் என்பது நமக்கு மட்டும் உள்ள அனுபவமும் இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமாக இருந்த கறுப்பின விவசாயிகள், கடன் மறுப்பாலும் நிலப்பறிப்பாலும் ஐம்பதாயிரத்துக்கும் கீழே சுருங்கிவிட்டார்கள். பெருந்தொற்றுக்கால விவசாய நிவாரணத்தில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது வெறும் 0.1 சதவீதம் என்று 2021 மார்ச்சில் அந்நாட்டு வேளாண் அமைச்சர் டாம் வில்சாக்கே சொன்னார். அதைச் சரிசெய்ய, ஒடுக்கப்பட்ட விவசாயிகளின் கடனைத் தீர்க்க 400 கோடி டாலர் ஒதுக்கினார்கள். வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றங்கள் தடுத்தன, 2022-இல் அந்தச் சட்டப்பிரிவே நீக்கப்பட்டது. பல தலைமுறை பறிப்பு யாருக்கும் பாரபட்சமாகத் தெரியவில்லை, ஒரு வருட நிவாரணம் தெரிந்தது. இடஒதுக்கீட்டைப் பற்றி நாம் தினமும் கேட்கும் பேச்சு இது.

அம்மாவின் கேள்வியில் இருந்த அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை அறியாமை என்று நினைத்துவிடக் கூடாது. 2020 அக்டோபரில் இதே மாவட்டத்தில், கயத்தாறு பக்கம் ஓலைக்குளத்தில், ஆடு மேய்க்கும் தலித் முதியவர் ஒருவரை ஆதிக்கச் சாதியினர் காலில் விழவைத்துக் காணொளி எடுத்துப் பரப்பினார்கள். ஆட்டை ஓட்டிப் போவதற்கும் அடுத்தவர் நிலத்தின் ஓரத்தை நம்பியிருக்கிற வாழ்க்கை எங்களுடையது. நாளைக்கு அதே காட்டில் களையெடுக்கப் போக வேண்டியவள், உனக்கு வந்த 2,000-இல் எனக்கு என்ன பங்கு என்று கேட்க முடியாது. கூலியின் அமைதி அவள் பார்த்த கணக்கு. அந்தக் கணக்கை மாற்ற அரசின் பணம் ஒன்றுதான் அவள் கைக்கு நேராக வரக்கூடியது. அதையும் நிலக்காரர் வழியாகவே அனுப்பினால், சாதியின் பிடியை அரசே இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறது என்று அர்த்தம்.

அம்பேத்கர் 1947-இல் 'மாகாணங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி மத வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாகக் கிராமத்தாருக்குத் தரப்பட வேண்டும், நிலப்பிரபுவும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியும் இல்லாதபடி தரப்பட வேண்டும் என்று எழுதினார். அவ்வளவு தூரம் போக இந்த அரசுகளுக்குத் திராணி இல்லை. அதனால் குறைந்தபட்சத்தைக் கேட்கிறேன். உழவர் பாதுகாப்புத் திட்டப் பதிவை ஒழுங்குபடுத்தி, நிலமற்ற விவசாயத் தொழிலாளரை, குறிப்பாகப் பெண்களை, அவர்கள் பெயரிலேயே உழவர் என்று சேர்க்க வேண்டும். பேரிடர் நிவாரணம் எது அறிவிக்கப்பட்டாலும் ஹெக்டேருக்கு இவ்வளவு என்பதோடு, இழந்த வேலைநாளுக்கு இவ்வளவு என்றும் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோதும் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்றுதான் பயிர்க்கணக்கு போட்டார்கள். அழிந்த வயலில் அடுத்து வரவிருந்த அறுப்புக் கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த புயலுக்கு முன்னால் இது மாற வேண்டும்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அந்தக் காட்டுக்காரர் மறுபடியும் தெருவுக்கு வந்தார். தவணை நின்றுபோய்விட்டதாம், ஆதாரை மறுபடி சரிபார்க்கச் சொல்கிறார்களாம், போனில் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்றார். பார்த்துக் கொடுத்தேன். அம்மா அவர் காட்டில்தான் இன்னும் வேலை செய்கிறாள். மறுக்க எனக்கு உரிமை இல்லை. அவர் போனதும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராவதற்கான விண்ணப்பத்தை எடுத்து அம்மா முன்னால் வைத்தேன்.

"தொழில்னு கேட்டிருக்கு, என்னம்மா போட?"

உப்பில் வெடித்த விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். "காட்டு வேலைன்னு போடுய்யா. கூலின்னு போடாத."